பாலத்துக்குக் காலில்தான் நோய்

2018 ஆகஸ்ட் 14ஆம் தேதி இத்தாலியின் ஜெனோவா நகரில் மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். அந்தக் காணொளி உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த அதே மாதத்தில், திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928இல் கட்டிய பழைய பாலம் விரிசல் விட்டது. தூண்கள் உட்கார்ந்தன, சில கண்கள் ஆற்றோடு போயின. பக்கத்திலேயே 2016இல் புதுப்பாலம் வந்துவிட்டதால் பழையதில் அப்போது வண்டிகள் போகவில்லை, நடைப்பயிற்சிக்காரர்கள் மட்டும்தான். உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பித்தோம். 22ஆம் தேதி மாலை முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் பக்கம் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. அது ஆர்தர் காட்டன் 1836இல் கட்டியது. மணலை அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். இல்லை, வயதுதான் காரணம் என்றது அரசு.

ஜெனோவாவில் பாலம் மேலேயிருந்து செத்தது. கான்கிரீட்டுக்குள் புதைத்திருந்த இரும்புக் கம்பிகள் ஐம்பது வருடம் கடற்காற்றில் துருப்பிடித்துத் தளர்ந்தன. கொள்ளிடத்தில் பாலம் கீழேயிருந்து செத்தது. மேலே கர்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, காலடி மண் போய்விட்டது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் 'பாலங்களுக்குச் சென்சார்' என்ற பேச்சை மயிலாடுதுறையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். உலகெங்கும் இதற்காகச் செலவழிக்கும் மூளையிலும் பணத்திலும் பெரும்பகுதி பாலத்தின் உடம்பைக் கவனிக்கிறது. நம் ஊர் ஆறுகளில் கவனிக்க வேண்டியது காலை.

மயிலாடுதுறை மாவட்டத்தின் வடக்கு எல்லையே கொள்ளிடம்தான். ஊருக்குள் ஓடும் காவிரி இங்கே வரும்போது ஒல்லியாகிவிடும். வெள்ளம் என்றால் அது கொள்ளிடத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போகும். 2022இல் இரண்டு லட்சம் கன அடியை ஒட்டித் தண்ணீர் வந்தபோது நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் ஊர்களுக்குள் ஆறு புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். சிதம்பரத்திலிருந்து வரும் ரயில் வல்லம்படுகை தாண்டி இந்த ஆற்றைக் கடந்துதான் சீர்காழிக்கு வர வேண்டும். இந்தத் தடம் 1870களின் கடைசியில் தென்னிந்திய ரயில்வே போட்டது. அகலப்பாதையாக மாறியது 2010இல். மேற்கே அணைக்கரையில் கீழணையின் மேலேயே போகும் பழைய சாலைப் பாலம் தளர்ந்துபோய்க் கனரக வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். மணல்மேடு, குத்தாலம், செம்பனார்கோவில் பக்கம் வாய்க்காலுக்கு வாய்க்கால் இருக்கும் மதகுப் பாலங்களைக் கணக்கெடுக்கப் புகுந்தால் முடியாது. இந்திய ரயில்வேயை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் பாலங்கள், நான்கில் ஒன்றுக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

இத்தனையையும் ஆள் வைத்துப் பார்க்க முடியாது என்பதால்தான் சென்சார் பேச்சு வருகிறது. அதன் அடிப்படை எளிது. எந்தப் பாலத்துக்கும் தனக்கென்று ஓர் ஆட்டம் உண்டு. 30 மீட்டர் நீளமுள்ள ஒரு கண், லாரி ஏறி இறங்கியதும் விநாடிக்கு மூன்று நான்கு முறை மேலும் கீழும் அதிர்ந்து அடங்கும். அதுதான் அதன் இயல்பு அதிர்வெண். பாலம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, எவ்வளவு எடை சுமக்கிறது என்ற இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. விரிசல் விட்டால், துருவில் இரும்பு மெலிந்தால், விறைப்பு குறையும், அதிர்வெண்ணும் குறையும். ஆகவே தூணிலும் கர்டரிலும் அதிர்வை அளக்கும் முடுக்கமானிகளை ஒட்டி வைத்து, வருடக்கணக்கில் அந்த எண்ணைக் கவனித்தால் போதும், பாலம் தன் நோயைத் தானே சொல்லிவிடும்.

காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. கணக்குப் போட்டால் சிக்கல் தெரியும். அதிர்வெண் போவது விறைப்பின் வர்க்கமூலத்தோடு. பாலம் தன் விறைப்பில் 10 சதவீதத்தை இழந்தால் (அது சாதாரணச் சேதமல்ல) அதிர்வெண் குறைவது 5 சதவீதம்தான். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் அலமோசா கேன்யன் பாலத்தில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தார் 24 மணி நேரம் விடாமல் அளந்து பார்த்தார்கள். எந்தச் சேதமும் இல்லாமல், காலை வெயில் ஒரு பக்கமும் மாலை வெயில் மறுபக்கமும் அடித்ததாலேயே அதிர்வெண் 5 சதவீதம் ஏறி இறங்கியது. அதே மாநிலத்தில் ரியோ கிராண்டே ஆற்றின்மீது இடிக்கப்போகிற ஒரு பாலம் 1993இல் கிடைத்தது. கர்டரை வெட்டுவிளக்கால் படிப்படியாக அறுத்து, ஒவ்வொரு படியிலும் அதிர்வெண்ணை எடுத்தார்கள். முதல் வெட்டுகளில் எண் குறையவில்லை, கொஞ்சம் கூடியதாகவே காட்டியது. அடித்தகட்டை முழுக்க அறுத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்படி விழுந்தது. மூன்று மீட்டர் உயர இரும்பைப் பாதிக்கு மேல் அறுத்த பிறகு வரும் எச்சரிக்கையை எச்சரிக்கை என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம்.

1967இல் ஒஹையோ ஆற்றில் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்ததற்குக் காரணம் ஓர் இரும்புச் சட்டத்தின் காதுக்குள் இருந்த 2.5 மில்லிமீட்டர் விரிசல். அந்த அளவு விரிசலை எந்த அதிர்வுமானியும் காட்டிக்கொடுக்காது. சென்சார் விற்பவர்கள் இந்தக் கதைகளைச் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். அதிர்வை அளப்பது வீண் என்றல்ல. வெப்பநிலையையும் கூடவே அளந்து, ஒரு வருடத்து வெயிலையும் மழையையும் பார்த்த பிறகே அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். பொருத்திய மறுநாளே பலன் கேட்கிற சமாச்சாரம் இல்லை இது.

இனி 'ஒயர்லெஸ்' எதற்கு என்ற கேள்வி. முன்பெல்லாம் ஒவ்வொரு சென்சாரிலிருந்தும் கேபிள் இழுத்து ஒரு பெட்டியில் சேர்ப்பார்கள். கருவியைவிடக் கேபிளுக்கும் அதைக் கட்டும் ஆட்களுக்கும்தான் செலவு அதிகம். மின்னலில் போகும், எலி கடிக்கும், நம் ஊரில் செம்புக் கம்பி என்றால் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஆகவே சென்சார், ஒரு சின்னக் கணிப்பொறிச் சில்லு, ரேடியோ, பேட்டரி நான்கையும் ஒரு டப்பாவுக்குள் அடக்கி ஒட்டிவிட்டு வந்துவிடுவது என்ற யோசனை பிறந்தது. 2006இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் இப்படி 64 டப்பாக்களை ஒட்டினார்கள். ஒவ்வொன்றும் பக்கத்து டப்பாவிடம் சொல்ல, அது அடுத்ததிடம் சொல்ல, 46 கை மாறிச் செய்தி கரைக்கு வந்தது. வந்த வேகம் விநாடிக்குச் சில நூறு பைட்தான். ஆனால் பாலத்தின் அதிர்வு வடிவங்கள் கணக்கோடு ஒத்துப்போயின.

இதைவிட எனக்குப் பிடித்தது நம் நாட்டில் நடந்த ஒன்று. ஐஐடி கான்பூரில் காமேஸ்வரி செப்ரோலு, பாஸ்கரன் ராமன் குழுவினர் ரயில் பாலங்களுக்கென்றே 'பிரைமோன்' என்று ஓர் அமைப்பை வடிவமைத்து 2008இல் வெளியிட்டார்கள். அன்றைக்குப் பல பாலங்கள் செல்போன் கோபுரம் எட்டாத இடத்தில் இருந்தன. தகவலை எப்படி வெளியே கொண்டுவருவது? ரயிலிடமே கொடுத்தனுப்புவது என்று முடிவு செய்தார்கள். பாலத்தின் அடியில் டப்பாக்கள் தூங்கிக்கொண்டிருக்கும். அவ்வப்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து ரேடியோவைக் கேட்கும். வரும் ரயிலில் ஒரு ரேடியோ இருக்கிறது. அது கூப்பிடுவது கேட்டதும் தலைமை டப்பா மற்றவற்றை எழுப்பும். ரயில் மேலே போகும்போது ஏற்படும் அதிர்வையும், போன பிறகு பாலம் தானாக ஆடி அடங்குவதையும் பதிந்துகொண்டு மறுபடி தூங்கும். பதிந்ததை அடுத்து வரும் ரயில் அள்ளிக்கொண்டு போகும். அந்த ரயில் பெரிய ஊரைச் சேர்ந்ததும் தகவல் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடும்.

இன்றைக்கு வல்லம்படுகையிலும் 4ஜி கிடைக்கிறது, தபால்கார ரயில் தேவையில்லை. ஆனால் தூங்குவது என்ற தந்திரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, காரணம் பேட்டரி. விழித்திருக்கும் டப்பா 20 மில்லியாம்பியர் இழுத்தால், இரண்டு பென்சில் செல்கள் ஐந்தே நாளில் காலி. நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்தால் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். பாலத்தடியில் தொங்கி பேட்டரி மாற்றும் வேலையை வருடத்துக்கு ஒருமுறை செய்யலாம், வாரத்துக்கு ஒருமுறை முடியாது.

ஒயர் இல்லாததற்கு இன்னொரு விலை உண்டு, நேரம். இரண்டு டப்பாக்களின் கடிகாரங்களும் ஒன்றாக ஓடாவிட்டால், பாலத்தின் எந்தப் பகுதி எப்போது எந்தப் பக்கம் அசைந்தது என்பது குழம்பிவிடும். மலிவான கடிகாரச் சில்லு ஒரு நாளைக்கு மூன்று விநாடிக்கு மேல்கூடத் தப்பும். விநாடிக்கு ஐந்து முறை ஆடும் பாலத்தில் நூறில் ஒரு பங்கு விநாடி பிசகினாலே ஆட்டச் சுற்றில் இருபதில் ஒரு பங்கு பிழை. ஆகவே இவை ஒன்றோடொன்று ரேடியோவில் பேசி நேரத்தைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் பேச்சும் பேட்டரியைத்தான் தின்னும்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் பாலத்தின் உடம்பு. இனிக் கால்.

ஆற்றில் வேகமாக வரும் தண்ணீர் தூணில் மோதியதும் பக்கவாட்டில் மட்டும் பிரியாது. தூணின் முகத்தை ஒட்டிக் கீழே பாயும். அடிமணலில் முட்டிச் சுருண்டு, தூணைக் குதிரை லாடம்போலச் சுற்றிக்கொண்டு போகும். அந்தச் சுழல்தான் மணலை வாரி எடுக்கிறது. எவ்வளவு ஆழம் வாரும் என்று கணக்கிட இந்தியப் பொறியாளர்கள் இன்றும் கையாள்வது ஜெரால்ட் லேசி என்ற பாசனப் பொறியாளர் 1930 வாக்கில் வட இந்தியக் கால்வாய்களை அளந்து கொடுத்த சூத்திரத்தை. அதை நாமும் போட்டுப் பார்க்கலாம். இரண்டு லட்சம் கன அடி என்பது விநாடிக்கு ஏறத்தாழ 5,660 கன மீட்டர். அது 800 மீட்டர் அகலத்தில் சமமாகப் பரவி, அடியில் நடுத்தர மணல் இருந்தால், லேசி கணக்கில் நீர்மட்டத்திலிருந்து நான்கரை மீட்டர் ஆழம்வரை ஆறு தோண்டும். தூணை ஒட்டி அதை இரட்டிப்பாக எடுக்க வேண்டும் என்பது விதி. அதாவது ஒன்பது மீட்டர். பாலத்தின் கிணற்று அடித்தளத்தை அதற்கும் கீழே இறக்குவார்கள்.

ஆனால் ஆறு சமமாகப் பரவுவதே இல்லை. நடுவில் திட்டு, திட்டில் சீமைக்கருவேலங்காடு, ஒரு பக்கம் மணல் அள்ளிய பள்ளம். தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஒதுங்கும். அதே இரண்டு லட்சம் கன அடி 400 மீட்டருக்குள் அடங்கி ஓடினால், அதே சூத்திரம் தூணருகில் பதினான்கு, பதினைந்து மீட்டர் என்கிறது. வரைபடம் போட்டவர் மேல் தப்பில்லை. அவர் பார்த்த ஆறு வேறு, இன்று ஓடும் ஆறு வேறு. வெள்ளத்தின் அளவு கூடாமலே பாலத்தின் ஆபத்து கூடியிருக்கிறது. மேலணை விஷயத்தில் மணலா வயதா என்று நடந்த வாதத்தில் எனக்கு ஒரு பக்கமும் சேரத் தோன்றவில்லை. வயதான பாலத்தின் காலடியில் மணல் குறைந்தால் இரண்டும் சேர்ந்துதான் கொல்லும்.

இதில் மிகவும் ஏமாற்றுகிற சங்கதி ஒன்று இருக்கிறது. வெள்ளம் வடியும்போது ஆறு தான் தோண்டிய குழியைத் தானே மூடிவிடும். கொண்டுவந்த மணல் குழியில் படிந்து, சித்திரையில் போய்ப் பார்த்தால் தூணைச் சுற்றிலும் சமதரையாக, பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும் மணல்வெளியாக இருக்கும். ஆய்வுக்கு வரும் பொறியாளர் தூணைச் சுற்றி நடந்து பார்த்து 'நன்று' என்று எழுதிவிட்டுப் போவார். புதிதாகப் படிந்த அந்த மணலுக்குப் பிடிமானம் கிடையாது. அடுத்த வெள்ளத்தின் முதல் மணி நேரத்திலேயே அது கிளம்பிவிடும். மண்ணரிப்பு தன் உச்சத்தில் இருக்கும் நேரம், கலங்கல் தண்ணீர் கரைபுரளும் நேரம். அப்போது தூணருகே எந்த மனிதனும் போக முடியாது. கருவி தேவை என்று நான் ஒத்துக்கொள்ளும் இடம் இது.

1956 நவம்பர் 23 விடியற்காலை அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் இறந்தது இப்படித்தான், மழைவெள்ளம் காலடியைப் பறித்ததால். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். விலகலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், மண்ணை மறந்துவிட்டார்கள். உலகக் கணக்கும் இதுதான். அமெரிக்காவில் 1989 முதல் 2000 வரை விழுந்த பாலங்களை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேல் வெள்ளத்தாலும் மண்ணரிப்பாலும் போனவை. துருவும் சுமையும் அதற்குப் பிறகுதான்.

நல்லவேளையாக, காலில் வரும் நோய் அதிர்வில் நன்றாகவே தெரியும். பந்தல்காலை மூன்று அடி குழியில் நட்டால் அழுத்தமாக நிற்கும், ஓர் அடியில் நட்டால் கைபட்டாலே மெதுவாக, அகலமாக ஆடும். தூணும் அப்படித்தான். மணலுக்கு மேலே ஆறு மீட்டர் நின்றிருந்த தூண் மண்ணரிப்பால் எட்டு மீட்டர் வெளியே நிற்கிறது, மேலே பாலத்தின் எடை அழுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், எளிய கணக்கில் அதன் பக்கவாட்டு அதிர்வெண் மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிடும். டெல்டாவில் இறக்குகிற பருத்த கிணறுகளில் இவ்வளவு வேகமாக விழாது, வெள்ளநீரின் எடையும் கொஞ்சம் குழப்பும். ஆனாலும் வெயிலில் வரும் ஐந்து சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது இரைச்சலுக்கு மேலே தெளிவாகக் கேட்கும் குரல். சுவிட்சர்லாந்தில் இசட்24 என்ற பாலத்தை 1998இல் இடிக்கும் முன் ஒரு தூணை வேண்டுமென்றே சில சென்டிமீட்டர் கீழே இறக்கிப் பார்த்தபோதும் அதிர்வெண்கள் அதைச் சொல்லின.

ஜப்பானியர்கள் இதை எப்போதோ பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய ரயில்வேயில் வெள்ளம் வடிந்ததும் தூணின் தலைப்பகுதியில் 30 கிலோ எடையுள்ள இரும்புக் குண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு மோதவிடுவார்கள். தூண் எப்படி அதிர்கிறது என்று பதிந்து, அந்தத் தூணுக்கு இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிடுவார்கள். ஒரு குறிப்பிட்ட விகிதத்துக்குக் கீழே போனால் ரயில் போகாது. கம்ப்யூட்டர் பரவும் காலத்துக்கு முன்பே வந்த முறை இது. மணல் மூடிய குழியையும் இது காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் தளர்ந்த மணல் தூணைப் பிடிப்பதில்லை. நம் மாவட்டத்துக்கு ஒயர்லெஸ் சென்சார் வாங்கப் பணம் இல்லையென்றால், ஒரு குண்டும் கயிறும் ஒரு முடுக்கமானியும் வாங்கலாம் என்பது என் கட்சி.

பணம் இருந்தால் இரண்டு கருவிகள். ஒன்று சாய்வுமானி. பத்து மீட்டர் உயரத் தூண் 0.1 பாகை சாய்ந்தால் அதன் தலை 17 மில்லிமீட்டர் நகரும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சாய்வில் பத்தில் ஒரு பங்கைக்கூட செல்போனுக்குள் இருக்கும் வகைச் சில்லுகளின் தரமான உறவுகள் உணரும். அதிர்வைப்போல விநாடிக்கு நூறு முறை அளக்க வேண்டியதில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும். அதனால் பேட்டரி வருடக்கணக்கில் ஓடும். இந்தியாவில் உரிமம் வாங்காமல் பயன்படுத்தக்கூடிய 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் லோரா என்ற வகை ரேடியோ வைத்தால் சில கிலோமீட்டர் தள்ளி கரையில் இருக்கும் பெட்டிக்கே நேரடியாகப் பேசும்.

இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் கையேட்டிலேயே இருக்கிறது. மிதக்கும் ரேடியோ. ஒரு குழாய்க்குள் பேட்டரியும் ரேடியோவும் அடைத்து, தூணை ஒட்டி, எந்த ஆழம்வரை மண் போகலாமோ அந்த ஆழத்தில் புதைத்துவிடுவார்கள். நின்ற நிலையில் அது அணைந்தே இருக்கும், ஆண்டுக்கணக்கில் பேட்டரி செலவாகாது. வெள்ளம் அந்த ஆழம்வரை தோண்டிவிட்டால் குழாய் விடுபட்டு மேலே மிதந்து வந்து படுக்கும். படுத்ததும் உள்ளே சுவிட்ச் போட்டுக்கொண்டு 'இந்தத் தூணில், இந்த ஆழம் போய்விட்டது' என்று ஒரே ஒரு செய்தியை அனுப்பும். அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அதிர்வு, வெப்பநிலை, கணித மாதிரி எதுவும் வேண்டாம். ஆமா, இல்லை என்ற ஒற்றைப் பதில். மூன்று ஆழங்களில் மூன்று குழாய் புதைத்தால் மண்ணரிப்பு இறங்கும் வேகமே தெரிந்துவிடும்.

ஆனால் பதில் வந்தால் யார் கேட்பது? ஜெனோவா பாலத்தைப் பார்த்த மிலான் பொறியியல் பல்கலைக்கழகத்தார் விபத்துக்கு முந்தைய வருடமே நிரந்தரக் கண்காணிப்புக் கருவி வைக்கப் பரிந்துரைத்திருந்தார்கள். குஜராத்தில் மகிசாகர் ஆற்றில் 1985இல் கட்டிய கம்பீரா பாலம் 2025 ஜூலை 9 அன்று விழுந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். பாலம் ஆடுகிறது என்று அந்தப் பகுதி மக்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். அங்கே மக்களின் உடம்பே முடுக்கமானியாக இருந்தது, எண் மட்டும்தான் இல்லை.

எண் வந்து, வந்த எண்ணுக்கு மரியாதையும் கிடைத்த இடம் என்று நான் கைகாட்டுவது பாம்பன். 1914இல் திறந்த அந்தக் கடற்பாலம் 1964 டிசம்பர் 22, 23 தேதிகளின் புயலில் சிதைந்து, பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீண்டது பழைய கதை. அந்தப் பழைய பாலத்தில் காற்றுமானி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். யாரும் யாருக்கும் போன் செய்ய வேண்டாம், கோப்பு நகர வேண்டாம், டிரைவர் கெஞ்சினாலும் பச்சை வராது. பிற்காலத்தில் ஐஐடி மெட்ராஸ் அந்தப் பாலத்தின் உடம்பிலும் சென்சார்கள் பொருத்தித் தொடர்ந்து கவனித்தது. 2022 டிசம்பர் 23 அன்று, தூக்குப்பாலப் பகுதியில் அளவு மீறிய அதிர்வு தெரிந்ததும் ரயிலை நிறுத்தினார்கள். மண்டபத்தோடு பயணம் முடிந்தது. ராமேஸ்வரத்துக்குப் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள், வியாபாரிகள் புகார் சொன்னார்கள். ஆனாலும் பழைய பாலத்தில் பிறகு பயணிகள் ரயில் ஓடவே இல்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப்பாலம் திறந்தபோது கொடியசைத்து அனுப்பிய ராமேஸ்வரம் – தாம்பரம் ரயில், திருவாரூர், மயிலாடுதுறை வழியாக வந்து கொள்ளிடத்தைக் கடந்துதான் சென்னைக்குப் போகிறது.

பாம்பனில் இது நடந்ததற்குக் காரணம், பாலமும் ரயிலும் சிக்னலும் ஒரே நிர்வாகத்தின் கையில். கொள்ளிடத்தில் அப்படியில்லை. ரயில் பாலம் தென்னக ரயில்வேக்கு. சாலைப் பாலம் இடத்துக்குத் தக்கபடி தேசிய நெடுஞ்சாலைக்கோ மாநில நெடுஞ்சாலைத் துறைக்கோ. மதகும் அணையும் நீர்வளத் துறைக்கு. மணல் கனிமவளத் துறைக்கு. ஊராட்சிப் பாலம் ஊரக வளர்ச்சித் துறைக்கு. ரயில்வேயில் முக்கியப் பாலங்களில் நீர்மட்டமானி வைத்து, அபாயக் கோட்டைத் தொட்டால் பொறியாளர்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி போகும் ஏற்பாடு வந்துவிட்டது. நல்லது. அந்தக் குறுஞ்செய்தி, அதே ஆற்றில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் சாலைப் பாலத்துக்காரருக்கும் போக வேண்டும் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஆறு ஒன்றுதானே, அது துறை பார்த்தா மண்ணை வாரும்?

டெல்டாவுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. மலைநாட்டு ஆறுகளைப்போல நம் வெள்ளம் சொல்லாமல் வருவதில்லை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் முக்கொம்புக்கு வரவே ஒன்றிரண்டு நாளாகும், மயிலாடுதுறை மாவட்டத்தின் கடைசிப் பாலத்துக்கு வர அதற்கு மேல். எத்தனை லட்சம் கன அடி என்ற கணக்கு முன்கூட்டியே கலெக்டர் அலுவலகத்துக்கு வந்துவிடுகிறது, தண்டோரா போட்டுப் படுகை மக்களை மேடேறச் சொல்கிறார்கள். இத்தனை கன அடி வந்தால் இந்தப் பாலத்தின் இந்தத் தூணில் இவ்வளவு ஆழம் மண் போகும் என்ற பட்டியல் மட்டும் இல்லை. அந்தப் பட்டியலைச் செய்ய சென்சார்கூட வேண்டாம், ஆற்றின் அடிமட்டத்தை ஒவ்வொரு கோடையிலும் அளந்து லேசி கணக்கைப் புதுப்பித்தால் போதும். சென்சாரின் வேலை அதற்குப் பிறகு வருகிறது. கணக்கு சொன்னது நடக்கிறதா என்று வெள்ளம் ஓடும் ராத்திரியில் பார்த்துச் சொல்வது. கணக்கும் கருவியும் ஒத்துப்போனால் போக்குவரத்து ஓடலாம். கருவி கணக்கைத் தாண்டினால் மூட வேண்டும், மூடும் அதிகாரம் பாலத்தருகே நிற்கும் ஆளுக்கு இருக்க வேண்டும்.

எல்லா மதகுக்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை. வாய்க்கால் பாலம் உட்கார்ந்தால் ஊர் சுற்றிப் போகலாம். கொள்ளிடத்தின் மேல் இருக்கும் பாலங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றிலும் ஆறு ஒதுங்கி அடிக்கும் பக்கத்துத் தூண்கள் நாலைந்துதான் இருக்கும். மிதக்கும் ரேடியோவைப் புதைக்க மணலில் குழி போட வேண்டும், அதை வறண்ட ஆற்றில்தான் போட முடியும். பங்குனி தொடங்கி வைகாசி முடிய கொள்ளிடத்தில் பல இடங்களில் நடந்தே அக்கரை போகலாம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் முதல் தண்ணீர் பாசனத்துக்குக் காவிரியிலும் வெண்ணாற்றிலும் போய்விடும். உபரி கொள்ளிடத்துக்கு வருவது பெரும்பாலும் ஜூலைக்குப் பிறகு. டெண்டர் தை மாதத்தில் விட்டால் வேலை அந்த வருடமே முடியும். சித்திரையில் விட்டால் அடுத்த கோடைக்குத்தான்.